அழுத பிள்ளைக்குத்தான் பால்: எராஸ்மஸ் திட்டமும் நாம் எழுத வேண்டிய கடிதமும்

2025 டிசம்பர் 17ஆம் திகதி பிரித்தானிய அரசாங்கம் ஒரு செய்தியை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'எராஸ்மஸ்' கல்விப் பரிமாற்றத் திட்டத்தில் இந்நாடு 2027ஆம் ஆண்டில் மீண்டும் சேர்ந்துகொள்ளும் என்பதே அச்செய்தி. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதைப் பெரிதாகச் சொல்லின. எம்மவர் வீடுகளிலோ அதைப் பற்றிய பேச்சே இல்லை. விசா பற்றிய செய்தி, வாடகை பற்றிய செய்தி, ஊர்ச் செய்தி என்றால் உடனே காது கொடுக்கும் எமது மக்களுக்கு, இது யாரோ பணக்காரரின் பிள்ளைகளுக்குரிய விடயமாகத் தோன்றியிருக்கலாம்.

ஆனால் இது எமது பிள்ளைகளுக்கும் உரிய விடயம். இன்னும் சொல்லப்போனால், எமது பிள்ளைகளைப் போன்றவர்களுக்கே மிகவும் தேவையான விடயம். அதனால்தான் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் நாங்கள், ஓ.எல். உடன் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த நாங்கள், இதை விசாரித்து அறிந்து எழுத முன்வந்தோம். இந்நாட்டுக்குப் புதிதாக வந்து குடியேறிய குடும்பங்கள் இதைப் பொறுமையுடன் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

எராஸ்மஸ் என்றால் என்ன?

ஒரு நாட்டில் படிக்கும் மாணவர் வேறொரு நாட்டின் பல்கலைக்கழகத்தில் சில மாதங்களோ ஒரு வருடமோ படித்துவிட்டுத் திரும்பி வருவதற்கான ஏற்பாடே இது. போகும் இடத்தில் படிப்புக் கட்டணம் வாங்கமாட்டார்கள். வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொகை கொடுப்பார்கள். அங்கே படித்த பாடம் இங்கேயும் கணக்கில் சேர்க்கப்படும். 1987இல் 11 நாடுகளுடன் ஆரம்பமான இத்திட்டத்தில் முதல் வருடம் போனவர்கள் 3,244 மாணவர்கள் மாத்திரமே. இன்றுவரை போய்வந்தவர்களின் தொகை 15 மில்லியனுக்கும் மேல்.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். இது பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மட்டுமான திட்டம் அல்ல. மின்சார வேலை, சமையல், தச்சு, வாகனத் திருத்தம் என்று கொலிச்சில் தொழில் பழகும் பிள்ளைகளும் வேறு நாட்டுத் தொழிற்சாலைக்கோ உணவகத்துக்கோ சென்று சில வாரங்கள் பயிற்சி பெறலாம். பள்ளிக்கூட மாணவர்களும் இளைஞர் மன்றங்களும் ஆசிரியர்களுங்கூடப் போய்வரலாம். பிள்ளையை டொக்டராக்கவோ எஞ்சினியராக்கவோ முடியாவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் எமது சமூகம் இதைக் கவனிக்க வேண்டும்.

பணம் உள்ள குடும்பத்துக்கு இப்படி ஒரு திட்டமே தேவையில்லை. தகப்பன் தன் செலவில் பிள்ளையைப் பாரிசுக்கோ மட்ரிட்டுக்கோ அனுப்பிவிடுவார். வாடகைக்கும் வட்டிக்கும் ஊருக்கு அனுப்பும் காசுக்கும் இடையில் நெருக்குப்படும் குடும்பத்தின் பிள்ளைக்குத்தான் அரசாங்கப் பணம் இல்லாவிட்டால் கதவு பூட்டப்படுகிறது.

யாருடைய முயற்சியால் வந்தது?

இத்திட்டம் எந்த மந்திரியின் மூளையிலும் தானாக உதித்ததன்று. இதன் பின்னால் இத்தாலியப் பெண் ஒருவரின் கதை உண்டு. சோபியா கொராடி என்பது அவர் பெயர். ரோமாபுரியில் சட்டம் படித்துக்கொண்டிருந்த அவர், 1957இல் புல்பிரைட் என்னும் அமெரிக்கப் புலமைப்பரிசில் பெற்று நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கச் சென்றார். அங்கு முதுமாணிப் பட்டம் பெற்றுத் திரும்பியபோது, ரோம் பல்கலைக்கழகம் அந்தப் படிப்பை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. அலுவலகத்தில் அவரை அவமானப்படுத்தி அனுப்பினார்கள்.

ஊரில் எடுத்த சான்றிதழை இங்கு காட்டி, "இது இங்கே செல்லாது" என்ற பதிலைக் கேட்ட எத்தனையோ பேர் எம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அவர் அதோடு வீட்டில் இருந்துவிடவில்லை. வேறு நாட்டில் படித்த படிப்புச் சொந்த நாட்டில் ஏற்கப்பட வேண்டும் என்ற யோசனையை 1969 முதல் பல்கலைக்கழகத் தலைவர்களிடமும் மந்திரிமாரிடமும் அதிகாரிகளிடமும் எடுத்துச் சென்றார். 1987இல் எராஸ்மஸ் பிறக்கும்வரை 18 வருடங்கள் அந்த முயற்சி நீடித்தது. அவர் 2025 ஒக்டோபரில், 91ஆவது வயதில் காலமானார். ஐரோப்பா அவரை 'எராஸ்மஸின் தாய்' என்று அழைத்தது.

கடைசி நேரத்திலும் ஒரு தடை வந்தது. 1986இன் முடிவில், இதற்குப் போதிய பணம் கொடுக்க ஐரோப்பிய அரசாங்கங்களிடையே இணக்கம் ஏற்படாமல் திட்டமே நின்றுபோகும் நிலை உண்டானது. அப்போது பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து அமைத்திருந்த ஒரு சங்கம் களத்தில் இறங்கியது. அதன் இளைஞர்கள் 1987இல் பிரான்சின் ஜனாதிபதி பிரான்சுவா மித்தராண்டை நேரில் சந்தித்துத் தமது பக்க நியாயத்தைச் சொன்னார்கள். அந்த வருடம் யூன் 15ஆம் திகதி திட்டம் நிறைவேறியது. மூன்று வருடங்களுக்கு 85 மில்லியன் எக்கியு ஒதுக்கப்பட்டது. எக்கியு என்பது யூரோவுக்கு முன்னர் ஐரோப்பிய சமூகம் கணக்குக்குப் பாவித்த நாணயம்.

கொராடியை அமெரிக்காவுக்கு அனுப்பிய புல்பிரைட் திட்டமும் ஒரு சட்டசபையில் பிறந்ததுதான். ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் செனற்றர் வில்லியம் புல்பிரைட் கொண்டுவந்த சட்டத்தில் 1946 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஜனாதிபதி ட்ரூமன் கையொப்பமிட்டார். இரண்டாம் உலக யுத்தத்தில் பாவித்து மிஞ்சி வெளிநாடுகளில் கிடந்த இராணுவப் பொருட்களை விற்ற பணத்தில் மாணவர்களைப் படிக்க அனுப்புவதே அவரது யோசனை. 1952இல் இலங்கையும் அதில் இணைந்தது. யுத்தத்தில் மிஞ்சியதிலிருந்து படிப்புக்கு வழி தேடினார்கள் என்பது, யுத்தத்தால் படிப்பை இழந்த எம் போன்றோருக்கு மனதில் நிற்கும் செய்தி.

எப்படிப் பறிபோனது?

கிடைத்தது என்றும் நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2016 யூன் 23ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற இந்நாட்டு மக்கள் முடிவெடுத்தார்கள். ஒன்றியத்தில் இல்லாத நாடும் பணம் கட்டி எராஸ்மஸில் இருக்க முடியும். நோர்வேயும் ஐஸ்லாந்தும் அப்படித்தான் இருக்கின்றன. ஆகவே எராஸ்மஸில் தொடர்ந்து இருப்பதற்காக அரசாங்கம் பேச்சு நடத்த வேண்டும் என்று ஒரு பிரேரணை 2020 சனவரி 8ஆம் திகதி பொதுச்சபையில் வாக்குக்கு விடப்பட்டது. ஆதரவாக 254 வாக்குகளும் எதிராக 344 வாக்குகளும் விழுந்தன. பிரேரணை தோற்றது. அடுத்த வாரம் பிரதமர் போரிஸ் ஜோன்சன், எராஸ்மஸுக்கு ஆபத்து எதுவும் இல்லை என்று அதே சபையில் சொன்னார். அந்த வருடம் டிசம்பர் 24ஆம் திகதி ஒன்றியத்துடன் ஒப்பந்தம் முடிந்தபோது, எராஸ்மஸை விட்டு விலகும் முடிவு அறிவிக்கப்பட்டது.

அதற்குப் பதிலாக 'டியூரிங்' என்ற புதுத் திட்டம் 2021இல் வந்தது. முதல் வருடத்துக்கு 110 மில்லியன் பவுண் ஒதுக்கப்பட்டது. உலகின் எந்த நாட்டுக்கும் போகலாம் என்பதும், வசதி குறைந்த மாணவருக்குப் பயணம், விசா முதலிய செலவுக்கும் உதவி உண்டு என்பதும் அதன் நல்ல பக்கங்கள். ஆனால் அது ஒருவழிப் பாதை. இங்கிருந்து போகிறவருக்கு மட்டுமே பணம். அங்கிருந்து வருகிறவருக்கு இல்லை. ஆசிரியர்கள் போய்வர இடமில்லை. பணமும் வருடாவருடம் தீர்மானிக்கப்படுவது. 2025-26ஆம் கல்வியாண்டுக்கு அது 78 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. வேல்ஸ் மாநில அரசு இதைப் போதாதென்று கருதி, 2022இல் 'தைத்' என்ற பெயரில் தனக்கென 65 மில்லியன் பவுணுடன் இருவழித் திட்டமொன்றைத் தொடங்கியது. வட அயர்லாந்து மாணவர்களுக்கு அயர்லாந்துக் குடியரசு தன் பணத்தில் எராஸ்மஸுக்கு வழி செய்தது. லண்டனிலும் லெஸ்டரிலும் பேர்மிங்காமிலும் படித்த பிள்ளைகளுக்கு அப்படி உதவ எவரும் இருக்கவில்லை.

எப்படித் திரும்பி வந்தது?

அந்த 2020 டிசம்பருக்குப் பிறகு மாணவர் சங்கங்களும் மொழி ஆசிரியர்களும் இளைஞர் சேவையாளர்களும் பல்கலைக்கழகங்களும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தத்தம் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் போட்டார்கள். மனுக்களில் கையொப்பமிட்டார்கள். 2023இல் பிரபுக்கள் சபையின் ஐரோப்பிய விவகாரக் குழுவும் இவ்விடயத்தில் மீண்டும் பேச வேண்டுமென்று அறிக்கை கொடுத்தது. ஆட்சி மாறியது. 2025 மே 19ஆம் திகதி லண்டனில் நடந்த மாநாட்டில் இரு தரப்பும் இதை நோக்கி வேலை செய்யச் சம்மதித்தன. டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. 2027-28ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ 570 மில்லியன் பவுண் கட்டப்படும். வழமையான விதிப்படி கட்ட வேண்டியதிலும் பார்க்க இது 30 சதவீதம் குறைவு. முதல் வருடத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்பெறலாம் என்று அரசாங்கம் சொல்கிறது.

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். உடன்பாடு ஒரு வருடத்துக்குத்தான். எராஸ்மஸின் இப்போதைய ஏழாண்டுத் திட்டம் 2027உடன் முடிகிறது. 2028இல் அடுத்த ஏழாண்டுத் திட்டம் தொடங்கும். அதற்கும் பணம் கட்டுவதா என்பது தனியாக எடுக்க வேண்டிய முடிவு. இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் எமது பிள்ளை பல்கலைக்கழகத்துக்கோ தொழிற்பயிற்சிக்கோ போகும்போது இந்தக் கதவு திறந்திருக்குமா, மூடியிருக்குமா என்பதைத் தீர்மானிக்கப்போவது அந்த முடிவுதான்.

மக்கள் கேட்டால் பணம் காப்பாற்றப்படுமா என்ற சந்தேகம் உங்களுக்கு எழலாம். 2014இல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். புல்பிரைட் திட்டத்திலிருந்து சுமார் 30 மில்லியன் டொலரை வெட்ட அமெரிக்க அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. அத்திட்டத்தில் படித்துப் பயனடைந்த பழைய மாணவர்கள் உலகம் முழுவதிலும் இருந்து மனுவில் கையொப்பம் சேர்த்தார்கள். அமெரிக்கப் பிரசைகளாக இருந்தவர்கள் தத்தம் காங்கிரஸ் உறுப்பினருக்கும் செனற்றருக்கும் எழுதினார்கள். அந்த வெட்டைக் காங்கிரஸ் ஏற்கவில்லை. ஆயினும் 2025இல் இன்னும் பெரிய வெட்டு ஒன்று அங்கே முன்மொழியப்பட்டது. ஒருமுறை கேட்டு வாங்கியதை அடுத்தமுறையும் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டு வாடகையைப் போல, இதுவும் மாதம் வந்தால் மறுபடியும் வரும்.

எம்.பி.யிடம் போவது

ஊரில் எம்.பி.யிடம் போவது என்றால் எமக்குத் தெரிந்தது ஒன்றுதான். மகனுக்கு வேலை, மகளுக்கு இடமாற்றம், ஒரு சிபாரிசுக் கடிதம். அவருடைய ஆளைப் பிடித்து, வாசலில் காத்து நின்று, கைகட்டிக் கேட்க வேண்டும். அரசாங்கத்துக்கு எழுதினால் பெயர் பதிவாகும், பிறகு உபத்திரவம் வரும் என்ற பயமும் எம்மவருக்குண்டு. அந்தப் பயம் சும்மா வந்ததன்று. ஆனால் இங்கே நடைமுறை வேறு.

இந்நாட்டில் 650 தொகுதிகள், 650 எம்.பி.மார். தமது தொகுதியில் வசிக்கும் எவரது முறைப்பாட்டையும் கேட்பது அவர்களது வேலை. பிரசாவுரிமை இருக்க வேண்டியதில்லை. அவருக்கு வாக்களித்திருக்க வேண்டியதுமில்லை. அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்களின் சார்பில்கூட எம்.பி.மார் உள்நாட்டமைச்சுக்கு எழுதுவதை எம்மில் பலர் கண்டிருக்கிறோம். விசாவுக்காகப் போகத் தெரிந்த அதே வாசலுக்குப் பிள்ளைகளின் படிப்புக்காகவும் போகலாம். இப்படிச் சட்டம் ஆக்குபவரிடம் மக்கள் சென்று கேட்பதைத்தான் 'லொபி' பண்ணுதல் என்கிறார்கள். பாராளுமன்றக் கட்டடத்தின் நடு மண்டபத்துக்கே அதுதான் பெயர். அங்கு எவரும் சென்று ஒரு பச்சைச் சீட்டை நிரப்பிக் கொடுத்துத் தமது எம்.பி.யைச் சந்திக்கக் கேட்கலாம். அவர் உள்ளே இருந்து, நேரமும் இருந்தால் வெளியே வந்து பேசுவார்.

செய்யக்கூடியவை இவை:

முதலாவது, கடிதம். ஒரு பக்கம் போதும். உங்கள் விலாசத்தையும் தபால் குறியீட்டையும் கட்டாயம் எழுதுங்கள். தமது தொகுதிக்காரர் என்று தெரிந்தால்தான் பதில் எழுதுவார்கள். கட்சி அரசியலை எழுதாதீர்கள். யார் நீங்கள், என்ன வேலை, பிள்ளை எந்த வகுப்பு, என்ன கேட்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். அச்சடித்த கடிதம் நூறு அனுப்புவதிலும் சொந்த வார்த்தையில் எழுதிய பத்துக்கு மதிப்பு அதிகம். எம்.பி. அக்கடிதத்தைச் சம்பந்தப்பட்ட மந்திரிக்கு அனுப்பிப் பதில் கேட்கலாம். சபையில் கேள்வியும் எழுப்பலாம்.

இரண்டாவது, நேரில் சந்திப்பு. எம்.பி.மார் தொகுதியில் மக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு 'சேர்ஜரி' என்று பெயர். மருந்து எடுக்கும் இடமென்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் வெள்ளி அல்லது சனிக்கிழமைகளில் நடக்கும். முன்கூட்டியே அலுவலகத்துக்கு ரெலிபோன் பண்ணி நேரம் எடுக்க வேண்டும். ஆங்கிலம் வராவிட்டால் ஒருவரைக் கூட்டிச் செல்லலாம். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து போவது இன்னும் நல்லது.

மூன்றாவது, மனு. பாராளுமன்றத்தின் மனுக்களில் பிரித்தானியப் பிரசைகள் மட்டுமல்லாமல் இந்நாட்டில் வசிப்பவர்களும் கையொப்பமிடலாம். 10,000 கையொப்பம் சேர்ந்தால் அரசாங்கம் பதில் தர வேண்டும். 100,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுப்பது பற்றி ஆலோசிப்பார்கள்.

நான்காவது, வாக்கு. இது பலருக்குத் தெரியாது. இலங்கை பொதுநலவாய நாடு. ஆகவே 18 வயது நிரம்பி, இந்நாட்டில் இருப்பதற்கு அனுமதி கிடைத்த இலங்கைப் பிரசைகள், பிரித்தானியப் பாஸ்போட் இல்லாவிட்டாலும் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களும் இதில் அடங்குவர். பெயரைப் பதிய வேண்டும், அவ்வளவுதான். புகைப்பட அடையாளப் பத்திரம் இல்லாதவர்கள் அதற்கென ஒரு பத்திரத்தை இலவசமாகப் பெறலாம். 2024 யூலைத் தேர்தலில் கிழக்கு லண்டனின் ஸ்ராற்போர்ட் அன்ட் போ தொகுதியில் வென்ற உமா குமரன், இலங்கை யுத்தத்தினால் இங்கு வந்த தமிழ்ப் பெற்றோரின் மகள் என்பதையும் நினைவில் வைப்போம்.

என்ன கேட்பது?

மூன்று விடயங்களைக் கேட்கலாம் என்பது எமது கருத்து. 2028க்குப் பிறகும் இந்நாடு எராஸ்மஸில் இருக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்களோடு நின்றுவிடாமல், கொலிச்சிலும் வேலைத்தலத்திலும் தொழில் பழகும் பிள்ளைகளுக்கும் உரிய பங்கு போய்ச்சேர வேண்டும். அகதிகளுக்குக் கொடுக்கப்படும் பயணப் பத்திரத்தில் போகும் பிள்ளைகளின் விசாச் செலவையும் தாமதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பள்ளிச் சுற்றுலாவுக்கு வகுப்பே போக, விசா நேரத்துக்கு வராமல் வீட்டில் இருந்து அழுத பிள்ளைகளை எமக்குத் தெரியும். இந்த மூன்றாவது விடயத்தை வெள்ளைக்காரப் பெற்றோர் எவரும் எமக்காகக் கேட்கப்போவதில்லை. அவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

"ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, வீடு இல்லை, இதற்குள் பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பக் காசா?" என்று கேட்பவர்களும் உண்டு. எமது தொழிற்சாலையில் தேநீர் நேரத்தில் இதைப் பற்றிக் கதைத்தபோதும் இக்கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். 570 மில்லியன் பவுண் சிறிய தொகை அல்ல. அது எமது சம்பளத்தில் பிடிக்கும் வரியிலிருந்தும் போகிறது. நாம் சொல்லும் பதில் இதுதான். வரி கட்டும் எமக்கும் அதில் பங்கு கேட்க உரிமை உண்டு. எம்முடன் பட்டி இயந்திரத்தில் நிற்கும் போலந்துக்காரர் ஒருவரின் மகள் எராஸ்மஸ் மூலம் ஜேர்மனியில் ஒரு வருடம் படித்தார். இப்போது மூன்று மொழி தெரிந்தவராக நல்ல வேலையில் இருக்கிறார். தகப்பன் எம்முடன் ஒரே சம்பளம் எடுப்பவர். தமிழும் ஆங்கிலமும் ஏற்கெனவே தெரிந்த எமது பிள்ளைக்கு மூன்றாவது மொழி ஒரு பாரமா?

பெண் பிள்ளையைத் தனியே வேறு நாட்டுக்கு அனுப்புவதா என்று தயங்கும் தாய்மாரும் இருக்கிறார்கள். அது அந்தந்தக் குடும்பம் பேசித் தீர்க்க வேண்டியது. எமது உறவுகள் பாரிசிலும் சூரிச்சிலும் டோட்முண்டிலும் ஒஸ்லோவிலும் பரந்து இருக்கிறார்கள். சின்னம்மா, மாமா என்று எங்கும் ஒரு வீட்டுக் கதவு திறக்கும். யுத்தம் எம்மைச் சிதறடித்ததில் கிடைத்த ஒரே வசதி அதுதான். போவதா, விடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை எமது கையில் இருக்க வேண்டுமானால், முதலில் திட்டம் இருக்க வேண்டும்.

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுத வராது என்று கவலைப்பட வேண்டாம். நீங்கள் தமிழில் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். பின்வருமாறு எழுதலாம்:

"மதிப்புக்குரிய எம்.பி. அவர்களுக்கு, நாங்கள் உங்கள் தொகுதியில் வசிக்கும் குடும்பம். இருவரும் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். எங்கள் மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். எராஸ்மஸ் திட்டத்தில் இந்நாடு 2028க்குப் பிறகும் இருக்க வேண்டுமென விரும்புகிறோம். இது பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன? மந்திரியிடம் கேட்டு எமக்கு அறியத் தருவீர்களா?"

இவ்வளவுதான் கடிதம். பதில் வந்தால் பிள்ளையைக் கொண்டே வாசிப்பியுங்கள். வராவிட்டால் மூன்று கிழமை பார்த்து இன்னொன்று எழுதுங்கள். தன் தாய் தகப்பன் சட்டமியற்றும் சபைக்கு எழுதி, அதற்குப் பதிலும் வந்ததை ஒரு பிள்ளை பார்ப்பது, எராஸ்மஸ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு படிப்புத்தான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது எமது பழமொழி. சோபியா கொராடி 18 வருடங்கள் கேட்டார். எமக்குத் தேவைப்படுவது ஒரு பேனையும், ஒரு முத்திரையும், ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணித்தியாலமும்.